அந்திம ஸ்ம்ருதியும் திருமேனி நோவும்: பூவிருந்தவல்லி நம்பிகள் கொணர்ந்த விடை

பூவிருந்தவல்லி வரதராஜப் பெருமாள் திருக்கோயிலில் திருக்கச்சி நம்பிகளுக்குத் தனி ஸந்நிதி உண்டு. மாசி மிருகசீரிடம் அவருடைய திருநக்ஷத்ரம். நந்தவனம் அமைத்துப் பூத்தொடுத்து, அந்த மாலைகளைக் காஞ்சியில் தேவப்பெருமாளுக்குச் சமர்ப்பித்து வந்த செட்டியார் குலத்துப் பிள்ளை, பின்னர் அப்பெருமாளுக்கே திருவாலவட்டம் வீசும் கைங்கர்யத்தில் ஊன்றினார். வேள்வித்தீயில் தோன்றிய பெருமாளாகையால் திருமேனி வெப்பம் தணிய வீச வேண்டும் என்பது அக்கைங்கர்யத்திற்குக் காஞ்சியில் சொல்லப்படும் காரணம். எம்பெருமானுடைய திருமேனி வாட்டத்தையே கவலையாகக் கொண்டிருந்த ஒருவர் வழியாகத்தான், நோவுற்ற மனித உடலைப் பற்றி நம் ஸம்ப்ரதாயம் பெற்ற மிகப் பெரிய தேறுதல் வந்து சேர்ந்தது. அதன் வரலாறு, சொல்லப்பட வேண்டிய அளவுக்குச் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை.

நம்பிகள் தேவப்பெருமாளிடம் கேட்டு இளையாழ்வாருக்குத் தெரிவித்த ஆறு வார்த்தைகளை அறியாத ஸ்ரீவைஷ்ணவர் இரார். தானே பரதத்துவம் என்பதும், தர்சனம் பேதமே என்பதும், உபாயம் ப்ரபத்தி என்பதும், பெரிய நம்பியைப் பற்றுக என்பதும் விரிவாக விளக்கப்படுகின்றன. இடையிலுள்ள இரண்டு, பெரும்பாலும் ஒரே மூச்சில் கடந்து செல்லப்படுகின்றன. ப்ரபந்நனுக்கு இறுதிக் காலத்து நினைவு வேண்டுவதில்லை என்பது ஒன்று. இவ்வுடல் விழும்போதே மோக்ஷம் என்பது மற்றொன்று. வேதாந்த விசாரத்தில் தோய்ந்திருந்த இளையாழ்வார் திருவுள்ளத்தில், இறுதி நினைவைப் பற்றிய ஐயம் ஏன் இருந்தது?

நிகழ்ச்சிகளின் வரிசையைப் பார்த்தால் ஒரு காரணம் புலப்படுகிறது. ஆளவந்தாரைச் சேவிக்கப் பெரிய நம்பியுடன் திருவரங்கத்திற்கு விரைந்த இளையாழ்வார், அங்கே கண்டது அவருடைய சரமத் திருமேனியைத்தான். மடங்கியிருந்த மூன்று விரல்களின் நிகழ்ச்சியை நாம் அறிவோம். பெருமாளைக்கூடச் சேவியாமல் காஞ்சிக்குத் திரும்பியவர், சாலைக் கிணற்றுத் தீர்த்த கைங்கர்யத்தைத் தொடர்ந்தார். அந்த நாள்களில்தான் நம்பிகளிடம், தம் திருவுள்ளத்தில் உள்ளவற்றைப் பெருமாளிடம் விண்ணப்பிக்குமாறு வேண்டினார். தாமதமாக வந்து ஒரு மஹாசார்யருடைய உயிரற்ற திருமேனியை மட்டும் கண்டவர் நெஞ்சில், உயிர் பிரியும் கணத்தைப் பற்றிய கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. குருபரம்பரை நூல்கள் இப்படி இணைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவை தரும் வரிசை இந்த எண்ணத்திற்கு இடம் தருகிறது.

ஐயத்திற்குச் சாஸ்த்ர அடிப்படை வலுவானது. கீதையின் எட்டாம் அத்யாயம், இறுதிக் காலத்தில் எதை நினைத்து உடலை விடுகிறானோ அதையே அடைகிறான் என்கிறது. ப்ரஹ்ம ஸூத்ரத்தின் நான்காம் அத்யாயத்தில் உள்ள ‘ஆப்ரயாணாத்’ எனத் தொடங்கும் ஸூத்ரம், உபாஸனம் மரணம் வரை நடைபெற வேண்டும் என்று விதிக்கிறது. எனவே பக்தியோக நிஷ்டனுக்கு இறுதி நினைவு இன்றியமையாதது. அந்நினைவு எந்தக் கணத்தில் வேண்டப்படுகிறது என்பதைக் கவனித்தால்தான் கேள்வியின் கடுமை விளங்கும். உடல் மிகவும் தளர்ந்து, நோவு மிகுந்து, மூச்சே போராட்டமாக இருக்கும் கணம் அது. மனம் மிகத் தெளிவாக இருக்க வேண்டிய நேரத்தில்தான் உடல் அதனை மிகவும் கலக்குகிறது.

உடல் கலங்கினால் மனமும் கலங்கும் என்பதை நம் முன்னோர் மறுத்ததில்லை. சரக ஸம்ஹிதை நோய்க்கு இருப்பிடம் உடல், மனம் இரண்டுமே என்கிறது. தாதுக்கள் சமநிலையில் இருப்பதே ஆரோக்யம், அது பிறழ்வதே நோய் என்றும் வரையறுக்கிறது. இந்த வைத்ய மொழியை அறிந்தவர்க்கே வராஹ சரம ச்லோகத்தின் அழகு முழுவதும் தெரியும். பூமிப்பிராட்டியின் கேள்விக்கு விடையாக ஞானப்பிரான் அருளிய அந்த இரண்டு ச்லோகங்களில் முதலாவது, மூன்று நிலைகளை அடுக்குகிறது: மனம் நன்றாக இருக்கும்போது, சரீரம் குலையாதிருக்கும்போது, தாதுக்கள் சமமாக இருக்கும்போது. அப்போது ஒருமுறை நினைத்தவன், பின்பு கட்டையும் கல்லும் போல் கிடக்கும் வேளையில், தானே அவனை நினைத்துப் பரமகதிக்கு அழைத்துச் செல்வதாக எம்பெருமான் வாக்களிக்கிறான். நினைக்க வேண்டியவர் மாறிவிட்டார் என்பதே இங்குள்ள பொருள். ‘தாது ஸாம்யம்’ என்ற சொல் அந்த இடத்தில் வந்திருப்பது தற்செயலன்று. நோயுற்ற உடலிலிருந்து தெளிந்த நினைவை எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதை விதித்தவனே ஒப்புக்கொள்ளும் இடம் அது. வேதாந்த தேசிகன் இந்த ச்லோகத்திற்கென்றே ரஹஸ்ய சிகாமணி என்னும் க்ரந்தத்தை அருளிச்செய்தார்.

ஆழ்வார்களும் இதே அச்சத்தைத் தொட்டிருக்கிறார்கள். பெரியாழ்வார் நான்காம் பத்தின் பத்தாம் திருமொழியில், எய்ப்பு வந்தபோது நினைக்கும் வலிமை இராது என்று கண்டு, அந்த வேளைக்கு வேண்டியதை இப்போதே சொல்லி வைக்கிறார். குலசேகரர் அருளிய முகுந்தமாலையில், கபமும் வாதமும் பித்தமும் கண்டத்தை அடைக்கும்போது நினைவு எங்கிருந்து வரும் என்ற கவலை, மனம் இன்றே திருவடியில் புகவேண்டும் என்ற வேண்டுதலாகிறது. நோயின் பெயர்களைச் சொல்வதில் இவர்களுக்குக் கூச்சமில்லை. திருக்கச்சி நம்பிகள் அருளிய தேவராஜாஷ்டகத்திலும் ஸம்ஸாரம் ஒரு பாலைவனம். அதில் கொடிய வ்யாதிகள் புலிகளாகத் திரிகின்றன. வ்யாதியைப் புலி என்று சொன்னவர் அதன் வாயில் அகப்பட்டவர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

பூவிருந்தவல்லிக்கு அண்மையிலேயே திருமழிசை இருக்கிறது. யோகத்தால் நெடுங்காலம் திருமேனியைத் தரித்திருந்தார் என்று போற்றப்படும் ஆழ்வாருடைய அவதார ஸ்தலம். வடக்கே ஆவடியைக் கடந்தால் திருநின்றவூர், அப்பால் திருஎவ்வுள் என்னும் திருவள்ளூர். அங்கே வைத்ய வீரராகவனுக்கு நேர்ந்துகொண்டு, அமாவாசைதோறும் ஹ்ருத்தாபநாசினிப் புஷ்கரிணியில் நோய் தீர வெல்லம் கரைப்பவர் கூட்டம் இன்றும் குறையவில்லை. உடலை யோகத்தால் வெல்வது, உடலின் நோவு நீங்க வேண்டுவது, நோவினால் நினைவு தப்பினாலும் பேறு தப்பாது என்று தேறியிருப்பது ஆகிய மூன்றும் ஒரு நாள் நடைக்குள் அடங்கும் நிலப்பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றாவதே ப்ரபந்நனுடையது. ஆனால் அதை நூலில் எழுதுவது வேறு, நோவின் நடுவே வாழ்ந்து காட்டுவது வேறு. வாழ்ந்து காட்டியவர்களின் சரித்ரத்தை இனிப் பார்க்க வேண்டும்.

ஸ்ரீவைஷ்ணவ பரிபாஷையில் ஆசார்யர்கள் நோயுற்றதைத் ‘திருமேனி நோவு சாத்திக்கொண்டார்’ என்பார்கள். மாலையும் சந்தனமும் சாத்தப்படுவதற்கு உரிய அதே வினைச்சொல். ஆளவந்தார் ராஜபிளவையால் நோவு சாத்திக்கொண்டிருந்தார். பிளவை சாதாரணக் கட்டியன்று. பல கண்களாகத் திறந்து சீழ் கொண்டு, சதையின் ஆழம்வரை எரியும் புண். கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் உயிரைக் கொண்டுபோகக் கூடியது. அவருடைய சிஷ்யரான மாறனேரி நம்பி அந்நோயைத் தமக்கு ப்ரஸாதமாகத் தந்தருள வேண்டும் என்று இரந்து பெற்றுத் தாம் அனுபவித்தார் என்கிறது குருபரம்பரை.

மாறனேரி நம்பி சரித்ரத்தில் இன்று அதிகம் பேசப்படுவது அதன் பின்பகுதிதான். தாழ்ந்த குலமென்று உலகம் எண்ணிய அவருக்குப் பெரிய நம்பி சரம கைங்கர்யம் செய்ததும், அதனால் எழுந்த ஏச்சும், அதற்குப் பெரிய நம்பி அளித்த விடையும் உபந்யாசங்களில் நன்கு விரிகின்றன. விரியவும் வேண்டும். ஆயினும் முன்பகுதியிலுள்ள பிளவை ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுவது குறைதான். அவர் தம் உறவினர் கையில் இவ்வுடலை விடவேண்டாம் என்று பெரிய நம்பியிடம் வேண்டியதன் காரணமே அந்தப் புண். ஆசார்ய ப்ரஸாதத்தைத் தாங்கிய உடல், ஹவிஸ்ஸைப் போல் உரியவர் கையில் சேர வேண்டியதாயிற்று. வயலில் உழைத்துக்கொண்டிருந்தபோது சேற்றை உணவாகக் கொண்டு, மண்ணாகிய உடலுக்கு மண்ணை இடுவதாகச் சொன்னவரும் இவரே. தன் உடலை மண்ணென்று எண்ணியவர், ஆசார்யருடைய நோய் வந்து சேர்ந்ததும் அதே உடலைக் காக்கத்தக்க பாத்திரமாக எண்ணினார். அவர் வலிக்கவில்லை என்று எந்த நூலும் சொல்லவில்லை. வலி யாருடையது என்பதுதான் மாறியது. பிளவையின் எரிச்சல் அப்படியே இருந்தது. அதை ‘என் நோய்’ என்று அவர் எண்ணவில்லை.

இத்தகைய செய்திகளை இன்றைய வைத்ய சாஸ்த்ரம் முற்றிலும் கதையென்று தள்ளுவதில்லை. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், பெருங்காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் வலிநீக்கி மருந்தை வேண்டவில்லை என்பதைக் கண்டு 1946-இல் எழுதினார். காயத்தின் அளவைவிட, அது அவர்களுக்கு என்ன பொருளைத் தந்தது என்பதே வேதனையைத் தீர்மானிப்பதாக அவர் கருதினார்; போர்க்களத்திலிருந்து வீடு திரும்ப வழிசெய்த காயமல்லவா அது. 1965-இல் மெல்சாக், வால் ஆகிய இருவரும், வலியின் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மேலே செல்கிறது, மூளையிலிருந்து இறங்கும் குறிப்புகளும் அவ்வாயிலைத் திறக்கவோ மூடவோ வல்லவை என்ற கொள்கையை வெளியிட்டனர். பிற்காலத்தில் அதில் திருத்தங்கள் வந்தாலும், அதன் மையக் கருத்து நிலைத்தது. உலக வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் தந்த வரையறையிலும் வலி என்பது புலனுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம்.

இவற்றைக் கொண்டு நம் ஆசார்யர்களுக்குச் சான்றிதழ் வழங்கத் தேவையில்லை. அவர்கள் அதைக் கேட்கவுமில்லை. வேறுபாடு ஒன்றைக் காண இவை உதவுகின்றன. மனத்தைப் பழக்கினால் வலி தணியும் என்ற உபதேசம் பயனுள்ளதே. ஆனால் அது நோயாளியின் மேல் இன்னொரு சுமையையும் ஏற்றக்கூடும். வலி தணியாவிட்டால் மனம் போதாமல் போனது என்றாகும், குற்றம் நோயாளியுடையதாகும். பூவிருந்தவல்லியைச் சுற்றி இன்று பெருகியுள்ள மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, கையில் துளசியும் தீர்த்தமுமாக நிற்கும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பங்களின் வேதனை இதுவே. வாழ்நாள் முழுதும் திருவாராதனம் செய்தவர், சுவாசக் கருவிக் குழாய் தொண்டையில் இருக்க, மயக்க மருந்தில் கிடக்கிறார். சிலர் அறிவு கலங்கிப் பெற்ற பிள்ளையையே அறியாமல் தகாத வார்த்தை பேசுகிறார்கள். முதியவர்க்குக் கடுநோயில் இது அடிக்கடி நேர்வது என்று மருத்துவர்கள் விளக்கினாலும், கடைசியாகத் திருநாமம் சொல்லவில்லையே என்ற நெருடல் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஆறுவதில்லை. இந்த நெருடலுக்கு விடைதான் நம்பிகள் கொணர்ந்த நான்காம் வார்த்தை. குழாயும் மருந்தும் அறியாத காலத்தில் சொல்லப்பட்டதாயினும், கட்டை போலவும் கல் போலவும் கிடப்பவனையே முன்னிட்டுச் சொல்லப்பட்டது.

அவ்வார்த்தையைக் கேட்டவர்கள் அதன்படி நின்றார்களா என்பதற்குப் பெரிய நம்பியின் சரமதசையே சான்று. சோழனுடைய சபைக்கு எம்பெருமானாருக்காக ஆழ்வான் சென்றதும், உடன் பெரிய நம்பி சென்றதும், இருவரும் கண்களை இழந்ததும் அறிந்த செய்தி. க்ருமிகண்டன் எனப்பட்ட அவ்வரசன் குலோத்துங்கர்களுள் யார் என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கு அது முக்கியமன்று. முதிர்ந்த பிராயத்தில், கண்குழிகளில் குருதியும் நோவுமாக, மகள் அத்துழாய் கைப்பிடித்து வர, நடக்க இயலாமல் வழியில் பசுபதிகோயிலருகே சாய்ந்தார் பெரிய நம்பி. திருவரங்கம் இன்னும் சிறிது தொலைவுதான், அங்கு எழுந்தருளிச் சேரலாமே என்று உடனிருந்தவர்கள் விண்ணப்பித்தனர். அவர் இசையவில்லை. பெரிய நம்பியே திருவரங்கம் சென்று திருமேனியை விட்டார் என்றால், பின்னுள்ளார் ப்ரபந்நனுக்கும் இடநியமம் உண்டென்று மயங்குவர் என்பது அவர் சொன்ன காரணம். ஆழ்வான் மடியில் திருமுடியை வைத்து அங்கேயே பரமபதித்தார்.

தாங்கவொண்ணாத வேதனையில் இருப்பவர், தமக்குப் பின் வருபவர்களின் மயக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். இறக்கும் இடத்திற்குச் சொன்னது இறக்கும் நினைவுக்கும் பொருந்தும். இளையாழ்வாரிடம் ஆறாம் வார்த்தை யாரைப் பற்றச் சொன்னதோ, அவரே தம் மரணத்தால் நான்காம் வார்த்தைக்கு வ்யாக்யானம் செய்தார் எனலாம்.

கூரத்தாழ்வான் அதன் பின்னும் நெடுநாள் கண்ணின்றி வாழ்ந்தார். திருமாலிருஞ்சோலையில் இருந்த நாள்களில் ஸுந்தரபாஹு ஸ்தவத்தால் அழகரைத் துதித்தார். காணாத கண்ணுடன் ஒருவர் அழகைப் பாடிய நூல் அது. மேல்நாட்டிலிருந்து மீண்ட எம்பெருமானார், காஞ்சிக்கு அழைத்துச் சென்று தேவப்பெருமாளிடம் கண் பெறுமாறு நியமித்தார். ப்ரயோஜனாந்தரம் கேட்பது ப்ரபந்நனுக்குத் தகாது என்பார் பலர். இங்கோ கேட்கச் சொன்னவரே எம்பெருமானார். திருவள்ளூர்ப் புஷ்கரிணியில் வெல்லம் கரைப்பவரை எளிதில் இகழ்ந்துவிட முடியாதபடி இந்நிகழ்ச்சி தடுக்கிறது. நோவு நீங்க வேண்டாம் என்று ஆசார்யர் சொல்லவில்லை. சிஷ்யனுடைய உடல் ஆசார்யருக்கு உரியது, அதன் குறை அவருக்குப் பொறுக்கவில்லை. ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்து, பெருமாள் உகந்து வரம் தரும்போது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று கேட்டார். கண் போகக் காரணமாயிருந்தவனே நாலூரான். வலி கொடுத்தவன்மீது வன்மம் தங்கியிருந்தால், புண் ஆறிய பின்னும் மனத்தில் அந்த வலி ஆறாது. ஆழ்வான் திருவுள்ளத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை என்பதை அவர் கேட்ட வரம் காட்டுகிறது. எம்பெருமானார் கேட்கச் சொன்ன கண்ணோ வரத்தில் இடம்பெறவில்லை. பின்னர், பெருமாளையும் உடையவரையும் சேவிக்கும் அளவுக்கு அது அருளப்பட்டது என்பர்.

பிற்காலத்தில் வடகலை தென்கலை என்று பிரிந்த இரு மரபினரும் பல நுண்பொருள்களில் மாறுபட்டாலும், இறுதி நினைவு ப்ரபந்நன் தன் முயற்சியால் ஈட்ட வேண்டியதன்று என்பதில் மாறுபட்டதில்லை. அந்நினைவு உண்டாகுமாயின் அதனை உண்டாக்குபவனும் அவனே. அதற்காக, நோவே தெரியாதவர்போல் ஆசார்யர்கள் நடித்ததுமில்லை. மணவாள மாமுனிகள் அருளிய ஆர்த்தி ப்ரபந்தம் முழுதும், இவ்வுடற்சிறையிலிருந்து எப்போது விடுவிப்பீர் என்று எதிராசரிடம் முறையிடும் குரல். ஆர்த்தி என்ற பெயரே துன்பத்தையும் தவிப்பையும் சொல்கிறது. ‘பொறுத்துக்கொள்’ என்று நோயாளியிடம் சொல்பவர்கள் அந்த அறுபது பாசுரங்களையும் ஒருமுறை ஸேவிப்பது நல்லது. பொறுக்க முடியவில்லை என்று சொல்வதற்கும் ப்ரபந்நனுக்கு அதிகாரம் உண்டு.

அதே மாமுனிகள் தம் கடைசிக் காலத்தில் ஆசார்ய ஹ்ருதயத்திற்கு வ்யாக்யானம் அருளிச்செய்துகொண்டிருந்தார். உட்கார இயலாதபடி திருமேனி தளர்ந்து, முதுகு நோவ, படுத்தபடியே ஓலையில் எழுதினார். சிஷ்யர் ஒருவர் கண்டு பொறாமல், இவ்வளவு சிரமப்பட்டு எழுத வேண்டுமா என்று கேட்டார். உம்முடைய பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் ஆகவே எழுதுகிறேன் என்ற கருத்துப்பட விடையளித்துவிட்டு, மாமுனிகள் அடுத்த ஓலையை எடுத்தார்.